ஏப்ரல் மாதத்து இலவச விருந்தாளிகள்

கேள்வி: நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் எங்களுக்கு மூன்று அறை வீடு ஒன்று இருக்கிறது. வருபவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ளலாம், நாய் பூனையையும் அழைத்து வரலாம். 2023 தொடக்கத்தில் வங்கிக் கடன் எடுத்துத் திருத்தினோம். மாதத் தவணை 68,000 ரூபாய். சாதாரண நாளில் ஓர் இரவுக்கு 18,000, சீசனில் 35,000 வாங்குகிறோம். வார இறுதிகளில் வீடு நிரம்பிவிடுகிறது. ஆனாலும் தவணை கட்ட இரண்டு தடவை நகையை அடகு வைத்துவிட்டேன், மொத்தம் 3 இலட்சம். கணவரின் அண்ணன் குடும்பம் ஏப்ரலில் 10 நாள், டிசம்பரில் 6 நாள் வந்து தங்கும். அவர்களிடம் பணம் கேட்க முடியாது. கிரிப்டோ என்கிற மெய்நிகர் நாணயத்தில் போட்டால் மாதம் 10 வீதம் வரும் என்று அவர்களுடைய மகன் சொல்கிறார். அதில் போட்டுக் கடனை அடைக்கலாமா?

பதில்: சகோதரி, உங்கள் நீண்ட கடிதத்தில் கிரிப்டோவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஏப்ரலுக்கு ஒரு வரிதான். விஷயம் அந்த வரியில் இருக்கிறது.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். ஏப்ரலில் பத்து இரவு, 35,000 வீதம் மூன்றரை இலட்சம். டிசம்பர் ஆறு இரவுக்கு 25,000 என்று குறைத்தே வைத்தாலும் ஒன்றரை இலட்சம். ஆக ஐந்து இலட்சம். முன்பதிவுத் தளத்தின் தரகு, துப்புரவு, மின்சாரம் என்று ஒன்றேகால் இலட்சத்தைக் கழித்துவிடுங்கள். மூன்றேமுக்கால் இலட்சம் மிஞ்சும். அது ஐந்து மாதத் தவணைக்கு மேல். நீங்கள் அடகு வைத்ததோ மூன்று இலட்சம். வட்டி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டுக்கு 18 வீதம் என்று வைத்தால் 54,000 ரூபாய். அண்ணன் குடும்பம் தங்கிப் போன செலவுக்கு உங்கள் தாலிக்கொடி வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

உறவினரை உபசரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் புத்தாண்டு விடுமுறையில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே நுவரெலியாவுக்கு ஏறி வருகிறது. நாயுடன் தங்க இடம் கிடைக்காதவர்கள் கந்தப்பளை வரைக்கும் தேடி வருவார்கள். அந்த நாட்களில்தானா சும்மா கொடுக்க வேண்டும்? ஜூன், ஜூலை மழையில் வார நாட்களில் வீடு பூட்டித்தானே கிடக்கிறது. அப்போது பெரியப்பா குடும்பம் ஒரு வாரம் இருந்து, சூடாக ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அவர்களுடைய லாப்ரடோர் நனைந்த உடம்போடு சோபாவில் புரண்டதில் உறைகளை மாற்ற 14,000 ஆனது. பணம் கொடுத்து வரும் விருந்தினரிடம் நாய்க்கென்று வைப்புப் பணம் வாங்குகிறீர்கள், முடி ஒட்டிய கம்பளத்துக்குக்கூடக் கழித்துக்கொள்கிறீர்கள். இந்த நாய்க்கு மட்டும் ஏன் சலுகை? மழையில் வந்தாலும் அந்த வைப்புப் பணத்தை வாங்குங்கள்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் கணவர். அவருடைய அண்ணன், அவருடைய வாய். ஜனவரியிலேயே ஏப்ரல் நாட்களை முன்பணம் வாங்கிப் பதிவு செய்துவிட்டால் அவருக்கும் சங்கடம் இருக்காது. “அண்ணா, ஆட்களிடம் பணம் வாங்கிவிட்டோம், ஜூலையில் வாருங்கள்” என்றால் போதும். முகம் சுளிப்பார்கள்தான், ஒரு வருடம் சுளிக்கட்டும்.

கிரிப்டோ வேண்டாம். மாதம் 10 வீதம் என்றால் ஆண்டுக்கு 120 வீதம். அப்படி ஒரு தொழில் இருந்தால் அந்தத் தம்பி ஏன் உங்கள் பணத்தைத் தேடி வருகிறார்? மெய்நிகர் நாணயங்களைப் பற்றி மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. புதிதாக ஆட்களைச் சேர்த்தால் தரகு என்றும் சொல்கிறார் என்றால் அது பிரமிட் திட்டம். வங்கித்தொழில் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது, சேர்த்துவிடுபவரும் குற்றவாளிதான்.

வங்கிக்கு ஒருமுறை போய் வாருங்கள். நீங்கள் கடன் எடுத்தபோது வட்டி உச்சத்தில் இருந்தது. 2023 ஜூனில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியைக் குறைக்கத் தொடங்கியது. உங்கள் வட்டி நிலையானதா, மாறுவதா? நிலையானது என்றால் குறைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் வேறு வங்கியிலும் விசாரியுங்கள், ஆனால் கடனை மாற்றும் கட்டணத்தைக் கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

செலவைக் குறைக்கிறேன் என்று வீட்டு வேலிச் செலவில் மட்டும் கை வைக்க வேண்டாம். தேயிலைத் தோட்டப் பக்கத்தில் சிறுத்தை நாயைக் கவ்விக்கொண்டு போவது புதிதல்ல. இரவில் நாய்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடகுச் சீட்டு இரண்டிலும் மீட்கும் தேதியை இன்றே பாருங்கள். எந்தச் சீட்டின் தேதி முந்தி வருகிறதோ அதை அடுத்த சீசன் முன்பணத்தில் மீட்டுவிடுங்கள். மற்றதை அதுவரை வட்டி கட்டிப் புதுப்பித்து வையுங்கள். தங்கம் விலை ஏறியிருக்கிறது, அதே நகைக்கு இன்னும் கூடத் தருகிறோம் என்று அடகுக் கடையில் சொல்வார்கள். வாங்காதீர்கள்.