மேற்குப் பால்கனியில் கருகுகிறது, கூடத்தில் கொடி மட்டும் நீள்கிறது: மணி பிளான்ட்டை எங்கே வைப்பது?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டின் மேற்குப் பால்கனியில் இலை கருகியது, கூடத்து மூலைக்கு மாற்றியதும் வெள்ளைத் திட்டுகள் குறைந்து கொடி மட்டும் நீள்கிறது என்கிறீர்கள். முதலாவது வெயில் கூடியதால், இரண்டாவது வெளிச்சம் போதாததால். உரம் போட்டுத் தீராது.

‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்பது குளிர்நாட்டுக்காரர்களின் யோசனை, அதை மறந்துவிடுங்கள். நெல்லை ஏறக்குறைய 8.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் காலை, மாலைச் சாய்வெயில் விழும். டிசம்பரில் தெற்குப் பக்கம் வெயில் உள்ளே வரும். ஆகவே தெற்கு, வடக்கு ஜன்னல்களில் தொட்டிக்கு ஆண்டு முழுவதும் ஒரே இடம் சரிப்படாது.

கிழக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே வையுங்கள். இல்லையென்றால் பகலில் இலைக்கு ஓர் அடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். நிழல் கத்தரித்தாற்போல் விழுந்தால் வெயில் அதிகம். மங்கலாக விழுந்தால் சரி. நிழலே தெரியாவிட்டால் இருட்டு.

மேற்குப் பால்கனிதான் வழி என்றால் பச்சை நிழல்வலை கட்டுங்கள். மூலையில் பழகிய செடியை ஒரே நாளில் வெளியே வைக்காமல், சில வாரங்களில் படிப்படியாக நகர்த்துங்கள். கருகிய இலை தேறாது, கிள்ளிவிடலாம். நீண்ட கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டித் தண்ணீரில் போட்டால் வேர் விடும்.