பின்வரிசையில் யார் உட்காருவார்?

கேள்வி: அக்கா, நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். வயது 24. பாலர் கல்வியில் டிப்ளோமா முடித்துவிட்டு, மூன்று வருடமாகப் பட்டணத்தில் ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வியட்நாம் அல்லது தாய்லாந்து போய் ஆங்கில ஆசிரியராக வேலை பார்க்க ஆசை. டெஃபல் என்கிற, பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சிக்கான 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ் 299 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நாளைக்குள் கட்டாவிட்டால் 1,500 ஆகிவிடுமாம். இன்னொரு ஏஜென்ட் 4,800 வெள்ளி கேட்கிறார். படிப்போடு தாய்லாந்தில் வேலையும் கேரண்டி என்கிறார். அம்மா தன் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார். அப்பா செம்பனை மில்லில் வேலை செய்கிறார், ஒன்றும் பேசவில்லை. எதில் சேரட்டும்?

பதில்: அக்கா என்று எழுதிவிட்டாய், அதனால் நானும் தங்கச்சி என்றே கூப்பிடுகிறேன். முதலில், சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். அடகுக் கடைக்கு ஓடுகிற அவசரம் இதில் எதுவும் இல்லை. 'நாளைக்குள்' என்று மிரட்டுகிற அந்த விளம்பரத்தை, நாளை மறுநாள் வேறு யாருடைய கைப்பேசியிலாவது திறந்து பார். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்படாதே.

எந்தப் படிப்பு என்று கேட்கிறாய். அதற்கு முன்னால், எந்த நாடு உன்னை முறையாக வேலைக்கு எடுக்கும் என்று பார்க்க வேண்டும். பலரும் இந்த வரிசையை மாற்றிச் செய்துதான் பணத்தை விடுகிறார்கள். தென்கொரியாவை எடுத்துக்கொள். அங்கே ஆங்கிலம் கற்பிப்பதற்கான இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். நீ எவ்வளவு அழகாக ஆங்கிலம் பேசினாலும் மலேசியக் கடப்பிதழுக்கு அந்தக் கதவு திறக்காது. நியாயமா என்றால், இல்லைதான். வியட்நாமும் தாய்லாந்தும் அவ்வளவு கறார் இல்லை. ஆனால் அங்கேயும் ஆசிரியர் வேலைக்கான பெர்மிட்டுக்கு இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நாட்டவரிடம் ஐஎல்ட்ஸ், டோயிக் மாதிரி ஒரு தேர்வு மதிப்பெண்ணும் கேட்பது வழக்கம்.

உன் கையில் இருப்பது டிப்ளோமா. 299 வெள்ளிச் சான்றிதழும் சரி, 4,800 வெள்ளிச் சான்றிதழும் சரி, அதைப் பட்டமாக மாற்றிவிடாது. இதை எந்த விளம்பரமும் பெரிய எழுத்தில் போடாது.

'அங்கீகாரம் பெற்றது' என்று தங்க முத்திரை போட்டிருக்கிறதே என்பாய். டெஃபல் என்பது நாசி லெமாக் மாதிரி ஒரு பொதுப் பெயர். யார் வேண்டுமானாலும் கட்டி விற்கலாம், உள்ளே முட்டை இருக்கிறதா இல்லையா என்று பொட்டலத்தைப் பிரித்தால்தான் தெரியும். உலகம் முழுமைக்கும் இதை அங்கீகரிக்கிற ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. நான் ஒரு தடவை இப்படி ஒரு முத்திரையில் இருந்த பெயரைத் தேடிப் போனேன். அங்கீகாரம் கொடுத்த அமைப்பின் முகவரியும் படிப்பை விற்ற கம்பெனியின் முகவரியும் ஒன்றாக இருந்தன, மாடி எண் உட்பட. மாப்பிள்ளைக்கு நற்சான்று எழுதியவர் மாப்பிள்ளையேதான்.

'லெவல் 5' என்று பிரிட்டிஷ் தகுதி நிலையைப் போட்டிருந்தால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. இங்கிலாந்தில் தேர்வுகளையும் தகுதிகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பு ஆஃப்குவால். அதன் பதிவேட்டை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். படிப்பின் பெயரையும் தகுதி எண்ணையும் விற்பவரிடம் கேட்டு வாங்கி அதில் தேடு. எண் தரத் தயங்கினால் அதோடு விட்டுவிடு. உள்ளூர்க் கல்லூரி 'டிப்ளோமா' என்று சொல்லி விற்றால் மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டைப் பார். ஆனால் இது முதல் சல்லடைதான். ஆஃப்குவால் பதிவேட்டில் உள்ள படிப்புகளிலும்கூட, ஒரு மாணவன் முகத்தைப் பார்க்காமலே முடித்துவிடக்கூடியவை இருக்கின்றன.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். 120 மணி நேரம் என்று போட்டிருந்த ஒரு ஆன்லைன் படிப்பை நான் மூன்றே இரவில் முடித்தேன். கேள்விக்குச் சரியான விடை வரும்வரை மாற்றி மாற்றி அழுத்தலாம், அவ்வளவுதான். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்தேன். அப்புறம் வேறொரு பயிற்சியில்தான், நான் பாடம் நடத்தும்போது முதல்முறையாக ஒருவர் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார். 40 நிமிட வகுப்பு. முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். தோட்டத்துத் தண்டல் செம்பனைக் குலை எண்ணுகிற மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று போட்டு வைத்திருந்தார். "'அண்டர்ஸ்டாண்ட்?' என்று 14 தடவை கேட்டீர்கள். 14 தடவையும் 'எஸ் டீச்சர்' என்றார்கள். ஜன்னலோரம் இருந்தவர் கடைசிவரை பேனாவைத் திறக்கவே இல்லை. பார்த்தீர்களா?" நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சட்டத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

அதனால் எந்தப் படிப்பைப் பற்றி விசாரித்தாலும் இதைக் கேள்: நான் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேனா, எத்தனை மணி நேரம், அதைப் பார்த்துக் குறை சொல்லப்போகிறவர் யார், அவர் என்ன படித்தவர்? கேம்பிரிட்ஜின் செல்டா, லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் சர்ட்டீசால் என்ற இரண்டு ஆங்கில ஆசிரியர் பயிற்சிகளிலும் இதற்குத் தெளிவான பதில் உண்டு. இரண்டிலும் பயிற்றுநர் பார்த்து மதிப்பிடுகிற 6 மணி நேரப் பாடம் கட்டாயம். சக பயிற்சி ஆசிரியர்களையே மாணவர்களாக உட்காரவைத்து நடிப்பது கணக்கில் வராது. செல்டாவுக்கு நேர்காணல் வைத்துத்தான் எடுப்பார்கள், திருப்பி அனுப்பவும் செய்வார்கள். காசு கட்டின எல்லாரையும் சேர்த்துக்கொண்டு, ஒருவரைக்கூட ஃபெயில் ஆக்காத படிப்பின் சான்றிதழை ஒரு முதலாளி எதற்கு மதிக்க வேண்டும்?

ட்ரினிட்டி படிப்பில் எனக்குப் பிடித்த ஒரு பகுதி உண்டு. ஆசிரியராகப் போகிறவருக்கே முன்பின் தெரியாத ஒரு மொழியில் நாலு மணி நேரம் பாடம் எடுப்பார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே என்றுதான். தமிழ்ப்பள்ளியிலிருந்து, இடைநிலைப் பள்ளியில் மலாய் பழக ஒரு வருடம் உட்காரவைக்கிற ரிமூவ் வகுப்புக்குப் போய், மலாய் ஆசிரியர் சொன்ன ஜோக்குக்கு மற்றவர்கள் சிரித்த பிறகு சிரித்த நமக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே ஒரு வருடம் நடந்துவிட்டது.

இவை மலிவான படிப்புகள் இல்லை, உடனே சேர் என்றும் சொல்லவில்லை. முதலில் பட்டம். டியூஷன் வேலையை விடாமல் பகுதி நேரமாகப் படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள் இருக்கின்றன. உன் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கில் பணம் இருந்தால் பட்டப்படிப்புக்கு அதிலிருந்து எடுக்கவும் வழி உண்டு. மூன்று வருடமாக உன் டியூஷன் சென்டர் உனக்கு இபிஎஃப் கட்டுகிறதா என்று இந்த வாரமே பார். கட்டவில்லை என்றால் அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

அந்த ஏஜென்ட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் பயப்படுகிறேன். பள்ளியின் பெயர் என்ன, புறப்படும் முன் என்ன விசா கையில் இருக்கும், பெர்மிட் யார் எடுப்பார்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேள். "சும்மா டூரிஸ்ட்டாகப் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்றால் பேச்சை முடித்துக்கொள். நாம் விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் நுழைய முடியும். அது சுற்றிப்பார்க்க, சம்பளம் வாங்க இல்லை. தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய், எல்லைக்கு அந்தப் பக்கம் மியன்மாரின் மியாவாடியில் மோசடிக் கும்பல்களிடம் மாட்டிக்கொண்ட நம் நாட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் நீயும் படித்திருப்பாய். உன் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. உன் அப்பா பேசாமல் இருப்பதற்கு இதுதான் காரணமோ என்று தோன்றுகிறது, கேட்டுப் பார்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு இதைப் படிக்கிறவர்களுக்கு: மோசடி என்று தெரிந்த உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள். படிப்பு சொன்னபடி நடக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம்.

தங்கச்சி, இப்போதைக்கு நீ செய்ய ஒரு வேலை இருக்கிறது, காசு செலவில்லை. இந்தச் சனிக்கிழமை உன் வகுப்பில் கூட வேலை செய்கிற டீச்சர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல். நீ எத்தனை நிமிடம் பேசினாய், பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசினார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று குறித்துத் தரட்டும். அந்தத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.