மூன்று பேரும் தவழ ஆரம்பித்துவிட்டார்கள்: கேள்வி பதில்

ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பேருக்கு நான் அம்மா. வேலையிலும் குழந்தைகளோடுதான், பிசியோதெரபிஸ்ட். மூன்று பேரும் நகர ஆரம்பித்த பிறகு வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: 9 மாதம் ஆகிறது அக்கா. ஒருத்தி தவழ்கிறாள், ஒருவன் உருண்டே அறையைச் சுற்றுகிறான். மூன்றாமவன் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைவதே இல்லை. 32 வாரத்தில் பிறந்தவர்கள். பயப்பட வேண்டுமா?

முதலில் வயதைத் திருத்திக் கணக்குப் போடுங்கள். 40 வாரத்துக்கு 8 வாரம் முன்னால் பிறந்திருக்கிறார்கள். அதனால் வளர்ச்சிக் கணக்கில் அவர்களுக்கு ஏறக்குறைய 7 மாதம்தான். 2 வயது வரை இப்படித்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமான குழந்தைகளைக் கவனித்துச் சொன்ன கால அளவு மிகவும் அகலமானது: கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்வது சுமார் 5 மாதத்திலிருந்து 13 மாதத்துக்குள், தனியாக நடப்பது சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்குள். தவழாமலே நடக்கும் குழந்தைகளும் உண்டு. 7 மாதத்தில் பிடிமானம் இல்லாமல் உட்காருகிறான் என்றால் உங்கள் மூன்றாமவன் சரியாகத்தான் இருக்கிறான்.

கூடப் பிறந்தவளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை விட, போன மாதத்து அவனோடு இந்த மாதத்து அவனை ஒப்பிடுங்கள். எப்போதும் ஒரு கையையே பயன்படுத்துவது, ஒரு காலை இழுத்துக்கொண்டு நகர்வது, கால்கள் விறைப்பாகக் கத்தரிபோல் பின்னிக்கொள்வது, தெரிந்த ஒன்றை மறந்துபோவது, இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பகல் முழுக்க நான் தனி ஆள். மூன்று பேரும் மூன்று திசையில் போகிறார்கள். யார் பின்னால் ஓடுவது?

ஓடாதீர்கள். இரண்டு கைகளால் மூன்று பேரைப் பிடிக்க முடியாது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் ஒருவர் தப்பத்தான் செய்வார். பிள்ளைகளை அடக்குவதை விட்டுவிட்டு இடத்தை அடக்குங்கள். வீடு முழுவதையும் பத்திரப்படுத்த முயன்றால் எல்லாமே அரைகுறையாக நிற்கும். ஒரே ஒரு அறை போதும். அதில் "வேண்டாம்", "தொடாதே" என்று சொல்லவே தேவையில்லாதபடி செய்துவிடுங்கள்.

நீங்களே முட்டி போட்டு அந்த அறையை ஒருமுறை தவழ்ந்து சுற்றுங்கள். நின்று பார்க்கும்போது தெரியாத ஒயர், தொங்கும் ஜன்னல் கயிறு, சோபாவுக்கு அடியில் கிடக்கும் நாணயம், எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். அலமாரியையும் டிராயர் வைத்த மேசையையும் சுவரோடு திருகி இறுக்குங்கள். ஒரு குழந்தை இழுத்து அசையாத அலமாரி, மூன்று பேரும் சேர்ந்து தொங்கினால் சாயும். வாசல் தடுப்பும் அப்படித்தான். அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கேட்டை மூன்று பேரும் ஒன்றாகத் தள்ளினால் மெல்ல நகர்ந்துவிடும். படிக்கட்டின் மேல்முனையில் சுவரில் ஸ்க்ரூ போட்ட கேட் மட்டும்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று. எட்டி எடுப்பது ஒருத்தியாக இருக்கும், அதை வாங்கி வாயில் போடுவது வேறொருவன். ஆகவே மூவரில் யார் அதிக உயரம் எட்டுகிறாரோ, யார் எதையும் வாயில் வைக்கிறாரோ, அந்த இருவரையும் சேர்த்து மனதில் வைத்து அறையைத் தயார் செய்யுங்கள். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுக்குழாய்க்குள் போகிற எந்தப் பொருளும் தரையில் இருக்கக் கூடாது.

ரிமோட், பொம்மை, எடைக்கருவி ஆகியவற்றில் இருக்கும் பட்டன் பேட்டரியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆளுக்கொரு வாக்கர் வாங்கினால் கொஞ்ச நேரம் அடங்கி இருப்பார்களே, சீக்கிரம் நடக்கவும் செய்வார்களே?

வேண்டாம் அம்மா. உங்கள் களைப்பு புரிகிறது, ஆனால் சக்கரம் வைத்த வாக்கர் நடக்கக் கற்றுத் தராது, தாமதப்படுத்தவும் கூடும். நீங்கள் எழுந்து வருவதற்குள் குழந்தை படிக்கட்டுக்கோ சூடான பாத்திரத்துக்கோ போய்ச் சேர்ந்துவிடும். கனடாவில் 2004லிலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். தரையில் விடுங்கள். பிடித்து எழுந்து நிற்க அசையாத ஒரு தாழ்வான பெஞ்ச் இருந்தால் மூவரும் அதைச் சுற்றியே நாளை ஓட்டுவார்கள்.

கேள்வி: குளியல்?

ஒரு பெரியவர் மட்டும் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு குழந்தைதான். மற்ற இருவரும் கம்பித் தடுப்பு உள்ள குழந்தைக் கட்டிலுக்குள் இருக்கட்டும், அழுதாலும் சரி. 5 சென்டிமீட்டர் தண்ணீர் போதும் குழந்தை மூழ்க. காலிங் பெல் அடித்தால் ஈரத்தோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போங்கள், அல்லது போகவே போகாதீர்கள். குளியல் இருக்கையை நம்பி நகரக் கூடாது. முடிந்ததும் வாளியைக் காலி செய்து கவிழ்த்துவிடுங்கள். மூவருக்கும் தினமும் தலையோடு குளியல் வேண்டும் என்பதில்லை, முறை வைத்துக் குளிப்பாட்டலாம்.

கேள்வி: கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறார்கள். தூங்க வைப்பது எப்படி?

மெத்தையை இன்றைக்கே கடைசி மட்டத்துக்கு இறக்குங்கள். ஆளுக்கு ஒரு கட்டில், அதில் தலையணையோ பஞ்சுப் பொம்மையோ ஓரத்தில் கட்டும் மெத்தைத் துணியோ வேண்டாம். 1 வயது வரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் குப்புறப் போனால், அப்படியே விடலாம்.

கேள்வி: மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினால், அப்பாவாக நான் யாரை முதலில் தூக்குவது?

சத்தம் வராத குழந்தையை முதலில் பாருங்கள் தம்பி. அழுகிறவருக்கு மூச்சு இருக்கிறது. தொண்டையில் ஏதாவது முழுதாக அடைத்தால் குழந்தையால் அழ முடியாது, இருமவும் முடியாது. 1 வயதுக்கு உட்பட்டவர் என்றால், தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவில் 5 தட்டு. வெளியே வராவிட்டால் திருப்பி, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 அழுத்தம். பொருள் வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள், ஆம்புலன்ஸுக்கு இன்னொருவர் போன் செய்யட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும். குழந்தைக்கு நினைவு தப்பினால் உடனே சிபிஆர் (நெஞ்சை அழுத்தி, வாய்வழி மூச்சு கொடுக்கும் முதலுதவி) தொடங்க வேண்டும். படித்தால் மட்டும் போதாது, முதலுதவி வகுப்புக்கு நேரில் போய் பொம்மையில் செய்து பழகுங்கள்.

எல்லோரும் நலம் என்று தெரிந்த பிறகு யாரை முதலில் தூக்கினாலும் சரிதான். மற்ற இருவரின் பெயரையும் சொல்லிப் பேசிக்கொண்டே தூக்குங்கள்.

கேள்வி: கடித்துக்கொள்கிறார்கள், முடியைப் பிடித்து இழுக்கிறார்கள்.

கோபத்தில் இல்லை, இந்த வயதில் அதுவும் ஒரு ஆராய்ச்சி. பிரித்து உட்கார வையுங்கள், கடிபட்டவரைக் கவனியுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: தனித்தனியாகக் கொஞ்சவே நேரம் இல்லை. குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. சில நாள் காரணமே இல்லாமல் அழுகிறேன்.

டயப்பர் மாற்றும் நேரம் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் நேரம்தான். அந்த இரண்டு நிமிடம் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லிப் பேசுங்கள். பேச்சு வளரவும் அது உதவும். "பிள்ளைகளே" என்று மொத்தமாகக் கூப்பிடுவதைக் குறையுங்கள்.

உங்கள் அழுகையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை ஒன்றாகப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள், உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே. உதவி கேட்கும்போது "கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று பொதுவாகச் சொல்லாமல், "செவ்வாய் சாயங்காலம் குளிப்பாட்டும்போது கூட இருங்கள்" என்று நாளும் வேலையும் குறித்துக் கேளுங்கள்.

கேள்வி: நடக்க ஆரம்பிக்கப் போகிறார்கள். ஷூ எப்போது வாங்கலாம்?

வீட்டுக்குள் வெறுங்காலே நல்லது, விரல்களால் தரையைப் பற்றிக்கொள்வார்கள். வெளியே நடக்கும் காலம் வந்ததும் வளைந்து கொடுக்கும் மெல்லிய அடிப்பாகம் உள்ளதாக வாங்குங்கள். மூவரின் பாதத்தையும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள், ஒரே அளவாக இருக்காது.