தோட்டத்தில் 10-க்கு 8 அடியில் தகர ஷெட் போடப் போகிறேன். தரைக்கு கான்கிரீட் வேண்டுமா, பேவர் பிளாக் போதுமா?

உங்கள் மண் என்ன மண் என்று சொல்லவில்லையே. அதுதான் முதல் கேள்வி.

மம்பட்டி, உரமூட்டை, புல்வெட்டும் மெஷின் எல்லாம் சேர்த்தாலும் தகர ஷெட் தரைக்கு ஒரு பாரமே இல்லை. அதைக் கெடுப்பது கீழே தண்ணீர், மேலே காற்று.

நான் இருப்பது அருப்புக்கோட்டைப் பக்கம், கரிசல் பூமி. முதல் தடவை புல்லைச் செதுக்கிவிட்டு, கரிசல் மேலேயே 3 இஞ்ச் கான்கிரீட் போட்டேன். "வண்டியா சார் நிக்கப் போகுது, இது போதும்" என்றார் கொத்தனார். சிமெண்ட் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன். ஐப்பசி மழைக்கு ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. சித்திரையில் போய்ப் பார்த்தால் குறுக்கே விரிசல்; கதவு தரையில் உரசி அரைவட்டமாகக் கோடு இழுத்திருந்தது. ஓரத்து வெடிப்பில் ஒரு கம்பியை விட்டேன், ஒன்றரை அடி இறங்கியது. கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டையே அசைக்கிற மண்ணுக்கு 3 இஞ்ச் கான்கிரீட் எம்மாத்திரம்?

எல்லாவற்றையும் உடைத்துவிட்டு, ஷெட்டைவிட நாலு பக்கமும் ஓரடி அகலமாக, 2 அடி ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியே போட்டேன். சரளை மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, சுற்றுத்தரையைவிட அரையடி உயர்த்தினேன். உண்மையான வேலை இவ்வளவுதான். மேலே கிரஷர் தூசி பரப்பி 60 மி.மீ. பேவர் பிளாக். கரிசலில் பிளாக்கையே சொல்வேன்: எங்காவது அமுங்கினால் நாலு கல்லைப் பெயர்த்து மட்டம் பார்த்துத் திரும்பப் பதிக்கலாம், கான்கிரீட்டில் அது நடக்காது.

ஆனால் பிளாக் ஷெட்டைப் பிடித்து வைக்காது. ஆடிக் காற்றுக்குக் காலி ஷெட் பட்டம் மாதிரி கிளம்பிவிடும். அதனால் மூலைக் கால்கள் நாலையும் இரண்டரை அடிக் குழியில் கான்கிரீட் போட்டு நட்டேன்.

உங்களுடையது செம்மண்ணோ சரளையோ என்றால் கவலையே இல்லை. மேல்மண்ணை எடுத்துவிட்டு இடித்து, பாலித்தீன் ஷீட் விரித்து, 4 இஞ்சுக்கு 1:2:4 கான்கிரீட் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு, ஜல்லி நாலு). இந்த அளவுக்கு 5 மூட்டை சிமெண்ட், முக்கால் இஞ்ச் ஜல்லி கால் யூனிட் (25 கன அடி) பிடிக்கும். மொத்த எடை கிட்டத்தட்ட 1.8 டன் வரும், காற்றுக்கு அதுவே நங்கூரம். ஈரமாக இருக்கும்போதே போல்ட்டுகளைப் புதைத்து, தண்ணீர் வடிய வாசல் பக்கம் ஒரு இஞ்ச் சரிவு விடுங்கள். பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிற்கட்டும். மூன்றாம் நாளே கொத்தனார் சாமான் ஏற்றலாம் என்பார், கேட்காதீர்கள்.

எந்த மண்ணானாலும் வேப்பமரத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். கூரைத் தண்ணீர் தரையோரத்தில் சொட்டாமல் ஒரு பைப் வைத்துத் தூரமாக விடுங்கள். கரிசலில் இதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

அப்புறம், யூரியா மூட்டையை வெறுந்தரையில் வைக்காதீர்கள், ஈரம் இழுத்துப் பாறையாகிவிடும். நான் நாலு செங்கல் அடுக்கி, மேலே பழைய கதவுப் பலகையைப் போட்டு வைத்திருக்கிறேன்.