கப்பல்காரர் பதில்கள்: பார்சிலோனாவில் எந்த வாசல்?

களியக்காவிளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கேரளத்து பஸ்ஸும் தெரியும், தமிழ்நாட்டு பஸ்ஸும் தெரியும். இருபத்தொரு வருஷம் பயணிகள் கப்பலில் அறை துடைத்து, படுக்கை விரித்து, பெட்டி தூக்கியவன் நான். அதில் ஒன்பது கோடைக்காலம் ஸ்பெயின் நாட்டுத் துறைமுக ஊரான பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் கப்பலில்தான் கழிந்தது. போன மாதம் அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதப் போக, இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே ஊர். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

மார்த்தாண்டம் வாசகி: ஜெர்மனியில் வேலை செய்யும் மகள் எங்கள் இருவருக்கும் பார்சிலோனாவிலிருந்து ஏழு நாள் கப்பலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறாள். அவருக்கு மூட்டுவலி. கப்பல் ஏறும் இடம் எப்படி இருக்கும்? நிறைய நடக்க வேண்டுமா?

அக்கா, முதலில் டிக்கெட்டை எடுத்து அதில் டெர்மினல் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஏ, பி, சி, டி, இ, ஹெச் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பார்சிலோனாவில் கப்பல் ஏறும் கட்டடம் ஒன்றல்ல, வரிசையாகப் பல. அவை இருக்கும் நீளமான கரைக்கு மோல் அடோசாட் என்று பெயர். அலைதாங்கிச் சுவரை ஒட்டியே கடலுக்குள் நீட்டிக் கட்டிய மேடை அது. நம் தேங்காப்பட்டணம் துறைமுகத்துச் சுவரைப் பல மடங்கு பெரிதாக்கி, அதன் முதுகில் கட்டடங்களை வைத்தது மாதிரி கற்பனை செய்துகொள்ளுங்கள். டாக்சிக்காரரிடம் கப்பலின் பெயரைச் சொல்வதைவிட எழுத்தைச் சொல்வது நல்லது. தவறான எழுத்தில் இறங்கினால் பெட்டியை இழுத்துக்கொண்டு வெயிலில் நடக்க வேண்டியதுதான். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது.

விமான நிலையத்திலிருந்து மஞ்சளும் கறுப்புமான டாக்சி கிடைக்கும். விமான நிலையத்துக்கும் மோல் அடோசாட்டுக்கும் இடையே நிர்ணயித்த கட்டணம் உண்டு. ஏறும்போதே கேட்டு உறுதி செய்துகொண்டால் மீட்டரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஊருக்குள் தங்கியிருந்து மறுநாள் கப்பல் ஏறுவதானால், கொலம்பஸ் சிலை நிற்கும் தூணுக்குப் பக்கத்திலிருந்து துறைமுகத்துக்கு ஒரு நீல பஸ் போகும். 1888இல் நிறுத்திய தூண், அறுபது மீட்டர் உயரம், அதைத் தவறவிட முடியாது. பஸ் உங்கள் டெர்மினல் வாசலில் நிற்குமா என்று ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஆனால் மூட்டுவலியோடு பெட்டியும் இருந்தால் என் யோசனை டாக்சிதான். பஸ்ஸில் மிச்சம் பிடிக்கும் காசு மூட்டுத் தைலத்துக்குப் போய்விடும்.

உள்ளே விமான நிலையம் மாதிரியா என்றால், பாதி அப்படித்தான். வாசலிலேயே பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குபவர் வாங்கிக்கொள்வார். உங்கள் அறை எண் அச்சடித்த சீட்டு பெட்டியின் கைப்பிடியில் ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம் கைப்பையை எக்ஸ்ரேயில் விடுவது, பாஸ்போர்ட் காட்டுவது, முகத்தைப் படமெடுப்பது, அவ்வளவுதான். பிறகு நாற்காலி போட்ட கூடத்தில் உங்கள் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கலாம். கழிப்பறை இருக்கும், சில டெர்மினல்களில் காப்பியும் கிடைக்கும். பெரிய கடைத்தெருவை எதிர்பார்க்காதீர்கள். கப்பலுக்குள் போய்ச் செலவழிக்கட்டும் என்று நினைப்பார்களோ என்னவோ. கூடத்திலிருந்து கப்பலுக்குப் போகும் மூடிய நடைபாலம்தான் நீளம். அதனால் இப்போதே மகளை விட்டு, கப்பல் கம்பெனிக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே போய்க் கேட்டால் தர மாட்டார்கள் என்றில்லை, காத்திருக்க வேண்டிவரும். டிக்கெட்டில் வரச் சொல்லி ஒரு நேரம் போட்டிருப்பார்கள். அதற்கு ரொம்ப முன்னால் போனாலும் கூடத்தில்தான் உட்கார வேண்டும்.

இன்னொன்று, இதை அடிக்கோடிட்டு வையுங்கள். வாசலில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். நான் அறை பார்த்த நாட்களில் ஒரு பெரியவர் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் பெரிய பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஏறும் கப்பலின் அடித்தளத்தில் அதைத் தேடி எடுக்க நாங்கள் மூன்று பேர் இரண்டு மணி நேரம் அலைந்தோம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்று உடுப்பு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்.

பாறசாலை வாசகர்: கருவாடு கொண்டுபோகலாமா?

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நானும் ஒருகாலத்தில் விசாரித்திருக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது. அதனால் பால்கோவா, நெய் மைசூர்பாகு எல்லாம் வீட்டிலேயே சாப்பிட்டு முடியுங்கள். மீனுக்கு விதி வேறு. சொந்த உபயோகத்துக்கு இருபது கிலோ வரை அனுமதி, கருவாடும் அதில் சேரும். பழங்களில் கூத்து இன்னும் அதிகம். மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கும் தேவையில்லை. நம் மட்டிப்பழத்தையும் தேங்காயையும் மனதில் வைத்தே யாரோ எழுதியது போல இருக்கிறது. அதற்காகக் காய்ந்த கொப்பரையை எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய்ப் பண்டம், தீப்பிடிக்கும் என்று நம் ஊர் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள்.

ஆனால் ஐயா, நாட்டுக்குள் போவது வேறு, கப்பலுக்குள் போவது வேறு. வீட்டில் செய்த சாப்பாட்டைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்றுவதில்லை. தவிரவும், அந்தச் சின்ன அறையில் ஜன்னல் திறக்காது. கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால் அறை துடைக்க வருகிற பையன் என்ன பாடுபடுவான் என்று எனக்குத் தெரியும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி: சின்ன ரைஸ் குக்கரும் இஸ்திரிப் பெட்டியும்?

இரண்டும் வேண்டாம். கப்பலில் எல்லோரும் பயப்படுவது தண்ணீருக்கு அல்ல, நெருப்புக்கு. டெர்மினல் எக்ஸ்ரேயில் தெரிந்தால் எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடியும்போது திருப்பிக் கொடுப்பார்கள். சில எக்ஸ்டென்ஷன் பெட்டிகளுக்கும் இதே கதி. சோற்றுக்குக் கவலைப்படாதீர்கள், சோறு தினமும் இருக்கும். குழம்புதான் இருக்காது.

குமுளி வாசகர்: ஸ்பெயின் விசா ஒன்று போதுமா? கப்பல் பிரான்ஸ், இத்தாலி எல்லாம் போகிறது.

ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி மூன்றும் ஷெங்கன் நாடுகள், அதாவது ஒரே விசாவை ஏற்றுக்கொள்ளும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டில் இருப்பவை. அதனால் ஒரே விசா போதும். ஆனால் நடுவில் துனிசியா மாதிரி வெளிநாடு ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், ஷெங்கனை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வந்த கணக்காகிவிடும். அதற்குப் பலமுறை நுழையும் விசா வேண்டும். குமுளியில் தேயிலைத் தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிற மாதிரி நினைத்துவிடாதீர்கள். கப்பல் தொடும் எல்லா ஊர்களையும் வரிசையாக எழுதி, விசா விண்ணப்பத்தோடு வையுங்கள். இன்னொரு செய்தி: 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பாவில் நுழையும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் எடுக்கும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கினார்கள். விமான நிலையத்தில் வரிசை நீளும். கப்பல் கிளம்பும் நாளன்று காலையில் போய் இறங்காதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள்.

தூத்தூர் வாசகி: என் மகன் பார்சிலோனாவில் போய்க் கப்பலில் சேரப்போகிறான், சமையல்கட்டு வேலை. ஏஜெண்ட் பணம் கேட்கிறார். அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

மக்களே, பணத்தை முதலில் பேசிவிடலாம். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2006ஆம் வருஷத்துக் கடல் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், சி.டி.சி. என்கிற மாலுமிப் பதிவுப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ், இந்தச் செலவு உங்கள் மகனுடையது. விசாச் செலவுகூடக் கப்பல்காரருடையதுதான். ஏஜெண்டிடம் ஆர்.பி.எஸ்.எல்., அதாவது கப்பலுக்கு ஆள் சேர்த்துவிடும் உரிமம், இருக்கிறதா என்று கேளுங்கள். கப்பல் துறை இயக்குநரகம் தருவது அது, பட்டியலில் தேடிப் பார்க்கலாம். உரிமத்தைக் காட்டச் சொன்னால் எரிந்து விழுகிறவரிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். நான் முதல் முறை போகும்போது என் அம்மாவின் வளையல் ஒரு ஏஜெண்டிடம் போனது. வேலை கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. வளையல் திரும்பவில்லை.

அங்கே யார் என்று கேட்டீர்கள். விமான நிலையத்தில் கப்பலின் ஆள் ஒருவர் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். வேனில் ஏற்றிக்கொண்டு போவார். பயணிகள் போகும் அழகான கூடத்தை உங்கள் மகன் அனேகமாகப் பார்க்கப் போவதில்லை. எங்களுக்கு வழி வேறு. காய்கறி ஏறும் பக்கத்தில் ஒரு சின்னப் படி. மக்கள் டெர்மினல் டெர்மினல் என்று எழுதிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சின்னப் படிதான் நினைவுக்கு வரும். ஆனால் மாலுமிகளுக்கென்று அங்கே ஸ்டெல்லா மாரிஸ்காரர்கள் இருக்கிறார்கள். கடலின் விண்மீன் என்று பொருள், உங்கள் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கிய கத்தோலிக்க அமைப்பு அது. எந்த மதம் என்று கேட்க மாட்டார்கள். வீட்டுக்குப் பேச, வைஃபை பிடிக்க, மனசு சரியில்லை என்றால் ஒரு ஆளோடு உட்கார்ந்து பேச உதவுவார்கள். மகனிடம் இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

திருவனந்தபுரம் வாசகர்: விழிஞ்ஞத்தில் நாம் துறைமுகம் கட்டிக் கொண்டாடுகிறோம். பார்சிலோனாவிலோ டெர்மினலை இடிக்கப் போகிறார்களாம். உண்மையா?

உண்மைதான். மோல் அடோசாட்டில் ஏழு டெர்மினல் என்று 2018இல் மாநகராட்சியும் துறைமுகமும் கையெழுத்துப் போட்டார்கள். 2025 ஜூலையில் மறுபடி உட்கார்ந்து பேசி, 2030க்குள் அதை ஐந்தாகக் குறைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஏ, பி, சி மூன்றையும் இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றே ஒன்று. ஒரே சமயத்தில் 37,000 பயணிகளுக்கு இருந்த இடம் 31,000 ஆகும். ஊருக்குப் பக்கத்தில், வேர்ல்ட் டிரேட் சென்டர் ஒட்டி இருந்த வடக்கு டெர்மினலை 2023 அக்டோபரிலேயே கப்பல்களுக்கு மூடிவிட்டார்கள்.

காரணம் கேட்டால் அங்கே வாழ்கிறவரிடம் கேட்க வேண்டும். 2024இல் மட்டும் அந்தத் துறைமுகத்தில் முப்பத்தாறு லட்சத்துக்கும் மேல் கப்பல் பயணிகள். அவர்களில் கப்பல் ஏற வருகிறவர் ஊரில் ஒரு ராத்திரி தங்குவார், ஓட்டலில் சாப்பிடுவார். காலையில் கப்பலிலிருந்து இறங்கி மாலையில் ஏறுகிறவர் தெருவை அடைத்துக்கொண்டு நடப்பார், ஒரு சாவி வளையம் வாங்குவார், சாப்பிடக் கப்பலுக்கே திரும்பிவிடுவார். இரண்டாமவரிடம் ஊர்க்காரர்களுக்குக் கோபம். போதாததற்குக் கரையில் நிற்கும் கப்பல் மின்சாரத்துக்காக எஞ்சினை ஓட்டிக்கொண்டே இருக்கும், அந்தப் புகை. அதனால்தான் கரையிலிருந்தே கம்பி இழுத்துக் கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் ஏற்பாட்டுக்கும் பணம் போடுகிறார்கள்.

விழிஞ்ஞத்தை இதோடு ஒப்பிடுவது சரியில்லை. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்த அந்தத் துறைமுகம் கப்பல் விட்டுக் கப்பல் கன்டெய்னர் மாற்றுவதற்கானது, அங்கே கைப்பையோடு யாரும் வரிசையில் நிற்பதில்லை. பயணிகளுக்கு நமக்குப் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. எர்ணாகுளம் வார்ஃபில் சாகரிகா டெர்மினலை 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். முப்பத்தாறு லட்சம் பேர் வந்த பிறகு நாமும் கோபப்படலாம், இப்போதே எதற்கு?

செங்கோட்டை வாசகர்: ஊர் சுற்றப் போய்க் கப்பலை விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கப்பல் போய்விடும். கம்பெனி நடத்தும் சுற்றுலாவில் போயிருந்தால் காத்திருப்பார்கள், சொந்தமாகப் போயிருந்தால் அடுத்த துறைமுகத்துக்கு நீங்களே காசு போட்டுப் போய்ச் சேர வேண்டும். பாஸ்போர்ட் உங்கள் அறையில் இருந்தால், கப்பல் ஆட்கள் அதை எடுத்துத் துறைமுகத்தில் இருக்கும் கப்பலின் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவது வழக்கம். கப்பலின் கடிகாரமும் உங்கள் போன் காட்டும் நேரமும் சில ஊர்களில் வேறுபடும், கப்பல் நேரத்தையே நம்புங்கள்.

நானே மயிரிழையில் தப்பியவன். 2011 செப்டம்பர். மூன்று மணி நேர ஓய்வு. ராவல் பகுதியில் பாகிஸ்தான்காரர் ஒருவரின் கடையில் வீட்டுக்குப் போன் பேசிவிட்டு, அங்கேயே மல்லித்தூளும் வாங்கிக்கொண்டு, கொலம்பஸ் தூணைத் தாண்டி வேர்ல்ட் டிரேட் சென்டர் பக்கம் நடந்தேன். முந்தின வாரம் கப்பல் அங்கேதான் நின்றது. போய்ப் பார்த்தால் வெள்ளையாக ஒரு கப்பல் நிற்கிறது, ஆனால் புகைபோக்கியின் நிறம் வேறு. எங்களுடையது இந்த வாரம் அடோசாட்டில் என்று காலையில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள், நான் படிக்கவில்லை. டாக்சியைப் பிடித்து ஓடினால், அந்தக் கரைக்குப் போகும் போர்ட்டா டியூரோபா பாலம் இரண்டாகப் பிளந்து மேலே தூக்கி நிற்கிறது, கீழே ஏதோ கப்பல் போகிறது. பாம்பன் பாலம் திறப்பதை வேடிக்கை பார்க்கப் போனவன்தான் நான். இதை மட்டும் என்னால் வேடிக்கை பார்க்க முடியவில்லை.

பாலம் இறங்கி, டாக்சி போய் நின்றபோது பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. ஓடின ஓட்டத்தில் மல்லித்தூள் பொட்டலம் கிழிந்து பின்சீட்டெல்லாம் கொட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். டிரைவர் ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார், தலையை ஆட்டினார். மீட்டரில் இருந்ததற்கு மேல் ஒரு சென்ட் கேட்கவில்லை.