குறுவா தீவா? முதலில் எந்தக் கரை என்று கேளுங்கள்

கோவை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வயநாட்டில் கபினி ஆற்றுக்கு நடுவே இருக்கும் குறுவா தீவுக்கு இரண்டு குழந்தைகள், 68 வயது அம்மாவுடன் சொந்தக் காரில் போகத் திட்டம். ஏஜென்ட் ஒருவர் 'தீவு, தெப்பம், ஆதிவாசி கிராமம்' மூன்றையும் சேர்த்து ஒரு தொகை சொல்லி, முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? அம்மாவால் முடியுமா?"

கொடுக்காதீர்கள். தினமும் இத்தனை பேர்தான் என்று வரம்பு வைத்து அனுமதிக்கும் இடம் அது. 2024 பிப்ரவரியில் வனத்துறையின் சுற்றுலாப் பணியாளர் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. அதன்பின் மூடப்பட்ட தீவு, நீதிமன்ற அனுமதியோடு அக்டோபரில்தான் திறந்தது. அப்போது நாளுக்கு 400 பேர் என்று கட்டுப்படுத்தினார்கள். எண்ணிக்கை நிரம்பிவிட்டால் உங்கள் ஏஜென்டுக்கும் அதே பதில்தான் கிடைக்கும். ஆனால், நீங்கள் கொடுத்த முன்பணம் அவரிடமே இருக்கும்.

அடுத்தது தெப்பம். ஆற்றில் சிறிது நேரம் சுற்றிவிட்டுக் கரைக்கே திரும்பும் உல்லாசத் தெப்பம் வேறு. தீவுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும் தெப்பம் வேறு. முன்னதற்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு 'குறுவா பார்த்தாயிற்று' என்று கணக்கை முடிப்பவர்கள் உண்டு. என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் குடும்பங்களில் பல, தீவில் கால் வைக்காமலே திரும்பியவை. தொகை பேசும்போது "தீவுக்குள் நுழையும் டிக்கெட் இதில் உண்டா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பேச்சு தடுமாறினால் அங்கேயே விட்டுவிடலாம்.

மூன்றாவது, நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன விஷயம். தீவுக்கு இரண்டு வாசல்கள். மானந்தவாடி பக்கம் பால்வெளிச்சம். புல்பள்ளி பக்கம் பாக்கம். ஆற்றுக்கு எதிரெதிரே இருக்கும் இந்த இரண்டு கரைகளுக்கும் இடையே சாலையில் போவதென்றால் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். ஒன்றில் மாவட்டச் சுற்றுலாக் குழு, மற்றொன்றில் வனத்துறை. டிக்கெட் கவுன்டரும் தனித்தனி. ஒரே தீவை இரண்டு அலுவலகங்கள் பங்கு போட்டு நடத்துவது இத்தனை ஆண்டுகளாகியும் மாறவில்லை. அந்தக் கரையில் இடம் இருக்கிறதா என்று இந்தக் கரையில் நிற்கும் குடும்பத்துக்கு ஏன் தெரியக்கூடாது? வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. நீங்கள் கூடலூர், சுல்தான் பத்தேரி வழியாக வருவதானால் பாக்கம்தான் உங்களுக்கு வசதி. ஓட்டுநரிடமும் தங்கும் விடுதியிலும் 'குறுவா' என்று சொல்லாமல் 'பாக்கம்' என்றே சொல்லுங்கள். கவுன்டர் திறப்பதற்கு முன்பே போய் நில்லுங்கள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் தீவை மூடிவிடுவார்கள். அதற்கு நாட்காட்டியில் தேதி கிடையாது. கிளம்புவதற்கு முந்தின நாள் விடுதிக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

ஊட்டி, கூடலூர் வழி என்றால் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். வெறுமனே கடந்து போகிறவர்களுக்கும் வேண்டும். 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தப் பாஸ் இலவசம். அரசின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். இதற்கும் 'சர்வீஸ் சார்ஜ்' கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு: அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குப் பாஸ் தேவையில்லை. பாஸ் வாகனத்துக்குத்தான், ஆளுக்கு அல்ல. பேருந்தில் போகிற பாட்டிக்கும் ஆதார் அட்டையைக் காட்டிப் பாஸ் எடுத்தவர்களை நான் அறிவேன். வேண்டாம். கோவையிலிருந்து கூடலூருக்குப் பேருந்து, அங்கிருந்து பத்தேரிக்குப் பேருந்து, பிறகு வாடகை ஜீப் என்று போனால் இந்தத் தலைவலியே இல்லை.

இனி அம்மா. தெப்பத்தில் ஏறுவது சிரமமில்லை. இரு கரைக்கும் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே அக்கரை சேர்த்துவிடுவார்கள். சிரமம் தீவுக்குள்தான். குறுவா ஒரே நிலப்பரப்பு அல்ல, பல சிறு திட்டுகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாறை மேல் கால் வைத்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும். பாறையின் மேல் பச்சைப்பாசி எண்ணெய் தடவினாற்போல் இருக்கும். மேலே காய்ந்து தெரியும் கல்லிலும் விளிம்பில் பாசி ஒட்டியிருக்கும். பிடிப்பில்லாத செருப்போடு 68 வயதில் அதில் நடக்க வேண்டாம். குழந்தைகளையும் கையை விடாமல் கூட்டிப்போங்கள். இழுப்பு மேலே தெரியாத ஆறு அது.

தீவுக்கு வராத அம்மாவும் சேர்ந்து பார்க்க ஓர் இடம் இருக்கிறது. மறுநாள் எல்லோரும் சேர்ந்து மானந்தவாடிக்குப் போங்கள். ஊரிலிருந்து 3 கி.மீ. தொலைவில் ஆற்றங்கரையிலேயே வள்ளியூர்க்காவு அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே நடக்கும் ஆண்டுத் திருவிழாவில்தான், அம்மன் சன்னிதியில் வாக்கு வாங்கி, அடியர், பணியர் என்ற பழங்குடிக் குடும்பங்களை ஓராண்டு வேலைக்கு நிலக்கிழார்கள் முன்பணம் கொடுத்துப் பிடித்தார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976-இல்தான். உங்கள் அம்மா வயதுள்ள அடியர் பெண்களுக்கு இது சிறுவயது நினைவு. குழந்தைகளுக்கு அந்த இடத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

அதனால்தான் 'ஆதிவாசி கிராமம்' என்ற பேக்கேஜைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிகிறது. அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நின்று போட்டோ எடுப்பதற்கு எந்த ஏஜென்ட் டிக்கெட் விற்க முடியும்? 2024 டிசம்பரில், குறுவாவுக்கு அருகில் உள்ள கூடல்கடவில், சுற்றுலாப் பயணிகளுக்குள் நடந்த சண்டையை விலக்கப்போன பழங்குடி மனிதர் ஒருவரை, கை கார்க் கதவில் சிக்கிய நிலையில் சுமார் அரை கிலோமீட்டர் தூரம் சாலையில் இழுத்துக்கொண்டு போனார்கள். வந்து போகிற நம்மைப் பற்றி அங்கே என்ன எண்ணம் இருக்கும் என்று யோசியுங்கள். பழங்குடியினரின் பண்பாட்டை அறிய விரும்பினால் வயநாட்டிலேயே பூக்கோடு என்ற ஊருக்கு அருகே அவர்களுக்காகவே அமைக்கப்பட்ட 'என் ஊரு' மரபுக் கிராமம் இருக்கிறது. அங்கே முறையாக டிக்கெட் எடுத்துப் போகலாம், அவர்கள் செய்த பொருள்களை வாங்கலாம்.

திரும்பும்போது முதுமலை, பந்திப்பூர் பக்கம் போகும் எண்ணமிருந்தால், இரவு 9 முதல் காலை 6 வரை காட்டுச் சாலையில் போக்குவரத்துக்குத் தடை. பிற்பகலிலேயே கிளம்பிவிடுங்கள்.