‘புலி கிலி’க்கு எத்தனை நிலைகள் வேண்டும்? இலக்கணமும் ஆட்டோமேட்டாவும்: கேள்வி-பதில்

சொல் வடிவ விதிகள் எழுதும் ஃபோமா மென்பொருளில் வேற்றுமை விதிகள் எழுதினால், ‘வீட்டை’, ‘ரூமை’ வர வேண்டிய இடத்தில் ‘வீடை’, ‘ரூத்தை’ என்று வருகிறது. டிரான்ஸ்டியூசருக்கு (ஓர் எழுத்துச் சரத்தை இன்னொன்றாக மாற்றும் நிலை இயந்திரம்) சக்தி போதவில்லையா?

சக்தி தாராளமாகப் போதும். வரிசையாக அடுக்கிய மாற்றுவிதிகள், ஒரு விதி தன் விளைவின் மேலேயே திரும்பப் பாயாதவரை, ரெகுலர் எல்லைக்குள்தான், அதாவது முடிவுள்ள நிலைகள் கொண்ட இயந்திரத்தால் முடிகிற எல்லைக்குள்தான், நிற்கும். 1972இல் ஜான்சன் காட்டியது இது. 1994இல் கப்லானும் கேயும் விரிவாக நிறுவினார்கள். கோளாறு விதிகளில் இருக்கிறது.

முதலில் எழுத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் ‘மர’ என்பது வெறும் ம, ர. உள்ளே இருக்கும் அகரத்துக்குத் தனிக் குறி கிடையாது. ஆகவே ‘அகரத்துக்குப் பின் வரும் ம்’ என்று விதியில் சொல்லவே வழியில்லை. முதல் டிரான்ஸ்டியூசர் ‘மரம்’ என்பதை ம்-அ-ர்-அ-ம் என உடைக்கட்டும். கடைசி டிரான்ஸ்டியூசர் திரும்பச் சேர்க்கட்டும். ‘கொ’வின் உயிர்க்குறி சில கோப்புகளில் ஒரே குறியாகவும் சிலவற்றில் இரண்டாகவும் இருக்கும். உடைப்பதற்கு முன்பே அதை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இனி ‘ரூத்தை’. மகரம் அத்துச் சாரியை பெறும் விதியை ‘ம்’ என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். சூழல் ‘அம்’ என்று இருக்க வேண்டும். வேற்றுமை உருபு அதை ஒட்டியே வர வேண்டும். இரண்டாவது நிபந்தனை விட்டுப்போனால் ‘மரங்களை’யும் கெடும். அப்படியும் ‘விக்ரம்’ தப்பாது, ‘விக்ரத்தை’ ஆகிவிடும். அத்தகைய பெயர்களுக்கு அகராதியிலேயே ஓர் அடையாளம் கொடுங்கள்.

‘வீடை’ வருவது வரிசைக் கோளாறு. உகரம் முதலில் கெட்டுவிட்டால் ட் இரட்டிப்பதற்கான சூழலே மிஞ்சாது. இரட்டிப்பு முன், உகரக் கேடு பின். இரட்டிப்பும் எல்லா இடத்திலும் கிடையாது: ட், ற் இரண்டுக்கு மட்டும், அதுவும் முன்னே உயிர் இருந்தால் மட்டும். ‘காது’ காதைதான், ‘நண்டு’ நண்டைதான். ‘வடு’ போன்ற முற்றியலுகரம் வகர உடம்படுமெய் பெற்று ‘வடுவை’ ஆகும். எழுத்துச் சூழலால் தீராத இடமும் உண்டு. நதியானால் ‘ஆற்றால்’, எண்ணானால் ‘ஆறால் வகு’. ஓசை ஒன்றே என்பதால் இந்த வேறுபாட்டையும் அகராதிதான் சுமக்க வேண்டும்.

தமிழ் ரெகுலர் மொழி அல்ல என்று பம்பிங் லெம்மாவால் (ரெகுலர் மொழியின் நீண்ட சரத்தில் ஒரு பகுதியை எத்தனை முறை பெருக்கினாலும் சரம் மொழிக்குள்ளேயே நிற்கும் என்ற தேற்றம்) நிறுவ, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த அடுக்கு வாக்கியங்களைக் காட்டினால் போதுமா?

போதாது. ரெகுலர் அல்லாத ஓர் உட்கணத்தைக் காட்டுவதால் எதுவும் நிரூபணம் ஆகாது. எல்லாச் சரங்களும் அடங்கிய கணத்துக்குள்கூட அப்படிப்பட்ட உட்கணங்கள் உண்டு. மொழியை ஒரு ரெகுலர் கணத்தோடு வெட்டி, வெட்டில் மிஞ்சுவது ரெகுலர் அல்ல என்று காட்ட வேண்டும்.

‘ராமன் சீதை கண்ணன் வந்ததாகச் சொன்னதாக நினைத்தான்’ என்பதை எடுப்போம். முதலில் எழுவாய் வடிவிலுள்ள ஆட்பெயர்கள், பிறகு ‘வந்ததாக’, பிறகு எத்தனையோ ‘சொன்னதாக’, முடிவில் ‘நினைத்தான்’: இது ரெகுலர் கணம். வெட்டில் பெயர்களும் வினைகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று எழுதினால் நிரூபணம் அங்கேயே விழும். தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடலாம் அல்லவா? கிடைப்பது ‘பெயர்கள் வினைகளைவிட மிகாது’ என்ற நிபந்தனை மட்டுமே. பரவாயில்லை, அதுவும் ரெகுலர் அல்ல. தேவையான அளவு பெயர்களும் அதே அளவு வினைகளும் கொண்ட சரத்தை எடுத்துப் பெயர்ப் பகுதியைப் பெருக்குங்கள்; பெயர்கள் மிகுந்து சரம் வெளியேறும். ஆட்பெயர் செயப்படுபொருளானால் ‘ஐ’ கட்டாயம் என்பதால், மிகுந்த பெயரைச் செயப்படுபொருள் என்று சமாளிக்கவும் முடியாது.

சூழல்சாரா இலக்கணத்துக்கு (ஒரு குறியீட்டை, அண்டையில் என்ன இருக்கிறது என்று பாராமல் விரிக்கும் விதிகள்) அடங்காத மொழி என்று டச்சைக் குறிப்பிட்டேன். ஆசிரியர் ஏற்கவில்லை. ஏன்?

ஆசிரியர் சொன்னது சரி. டச்சில் முதல் பெயர் முதல் வினையோடும் இரண்டாவது இரண்டாவதோடும் குறுக்காக இணைகின்றன. ஆனால் பெயர்களில் வேற்றுமை உருபு இல்லாததால் சரத்தில் தெரிவது எண்ணிக்கை மட்டுமே. அதைச் சூழல்சாரா இலக்கணம் சமாளித்துவிடும். பொருளமைப்புக்குத் தக்க மரம் வரையத்தான் அதனால் முடியாது.

ஷீபர் 1985இல் காட்டிய சுவிஸ் ஜெர்மன் அப்படியல்ல. அங்கே ‘உதவு’ என்ற வினை நான்காம் வேற்றுமையையும் ‘விடு’ இரண்டாம் வேற்றுமையையும் கேட்கும். இரண்டாம் வேற்றுமைப் பெயர்கள், நான்காம் வேற்றுமைப் பெயர்கள், ‘விடு’கள், ‘உதவு’கள் என அடுக்கினால், முதல் தொகுதி மூன்றாவதோடும் இரண்டாவது நான்காவதோடும் எண்ணிக்கையில் ஒத்தாக வேண்டும். அடுக்கு நினைவகம் ஒன்றே உள்ள இயந்திரத்தால் இது ஆகாது.

‘புலி கிலி’, ‘மாடு கீடு’ போன்றவை நகலெடுப்புத்தானே? ஃபைனைட் ஸ்டேட்டில், அதாவது முடிவுள்ள நிலைகளில், முடியுமா?

அகராதி முடிவுள்ளதாக இருக்கும்வரை முடியும். விலை நிலைகளின் எண்ணிக்கையில் தெரியும். வழக்கமான அகராதியில் ‘லி’ என்று முடியும் சொற்கள் ஒரே வாலைப் பகிர்ந்துகொள்ளும். ‘கிலி’ போன்ற எதிரொலிக்கு முதல் அசைக்குப் பிந்தியதை நினைவில் வைத்தே தீர வேண்டும் என்பதால் வால்கள் இணையாது. கோப்பு வீங்கினால் திகைக்க வேண்டாம். பெயர்ச்சொல் அடிகளுக்கு மட்டும், உருபு சேருமுன், எதிரொலியைத் தனி வலையாகக் கட்டி, முதல் அசை குறிலானால் கி, நெடிலானால் கீ என்ற விதியைக் கொடுத்து, பிறகு பொது வலையோடு சேருங்கள். ஃபோமாவின் சமன்படுத்தும் செயலியும் உதவும், ஆனால் அதுவும் முடிவுள்ள பட்டியலில்தான்.

மாலியின் பம்பாரா மொழியில் நிலைமை வேறு. ‘எந்த நாயானாலும்’ என்பதற்கு நாயைக் குறிக்கும் சொல்லை இருமுறை சொல்வார்கள். அந்தப் பெயர்ச்சொல்லோ வரம்பின்றி நீளக்கூடியது. குலி 1985இல் அதைக் கொண்டுதான் சொல்லமைப்பிலேயே சூழல்சாரா எல்லை உடைகிறது என்று காட்டினார்.

வாக்கிய அமைப்பைக் கண்டறியும் சி.ஒய்.கே. பார்சருக்காக, ஒவ்வொரு விதியும் இரண்டு உறுப்புகளாகவோ ஒரே சொல்லாகவோ விரியும் சோம்ஸ்கி வடிவத்துக்கு மாற்றினால் தமிழ் இலக்கணம் பெருத்துவிடுகிறது.

வெற்று விதிகளை (ஓர் உறுப்பை ஒன்றுமில்லாமல் ஆக்குபவை) முதலில் நீக்கியிருப்பீர்கள். வினைக்கு முன் விடத்தக்க உறுப்புகள் 4 இருந்தால், அந்த ஒரே விதி 16 ஆகும். வரிசையும் மாறலாம் என்றால் 65. முதலில் இரண்டிரண்டாகப் பிளந்து, வெற்று விதிகளைப் பிறகு நீக்குங்கள். அதைவிட நல்ல வழி, எந்த உறுப்புகள் வந்துவிட்டன என்பதை வினைத்தொடரின் பெயரிலேயே ஏற்றுவது: 16 குறியீடுகள், 32 இரட்டை விதிகள், விடுபாடும் வரிசை மாற்றமும் இரண்டுமே அடங்கிவிடும். தொடக்கக் குறியீட்டிலிருந்து அந்தப் பதினாறுக்கும் ஒற்றை விதி ஒவ்வொன்று வேண்டும். அவற்றைக் கடைசியில் நீக்கிக்கொள்ளலாம்.

இதற்காக, சூழல்சாரா இலக்கணத்தைவிடச் சக்தி மிக்க மரம் ஒட்டும் இலக்கணத்துக்குத் தாவ அவசியமில்லை. அதன் வழக்கமான பார்சருக்குச் சொல் எண்ணிக்கையின் ஆறாம் அடுக்கு வேலை, சி.ஒய்.கே.க்கு மூன்றாம் அடுக்கு. 20 சொல் வாக்கியத்தில் 8,000க்கு எதிரே 6.4 கோடி.